புல்லட்டின் பிரைமரி செயின்: பழுதுபார்ப்பின் வரலாற்றுக்கு ஒரு முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு என்ற பெயரில் நம் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறே. யார் முதலில் செய்தார், எந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார், எந்த ஆலை எப்போது திறக்கப்பட்டது என்பவையே அதன் கேள்விகள். ஒரு பொருள் சந்தைக்கு வந்தபின் ஐம்பது ஆண்டுகள் அதை ஓடவைத்தவர்கள் யார், எந்த அறிவைக் கொண்டு ஓடவைத்தார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூல் பயன்பாட்டையும் பராமரிப்பையும் வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாதிட்டது. டேவிட் ஆர்னால்டு 2013இல் ‘எவ்ரிடே டெக்னாலஜி’ நூலில் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றைக் கொண்டு இந்திய நவீனத்தை எழுதிக் காட்டினார். அந்த வரிசையில் வைத்து ஆராயத்தக்க இன்னொரு பொருளாக, என்ஃபீல்டு புல்லட் வண்டியின் இடப்புற மூடிக்குள் ஓடும் பிரைமரி செயினை இப்பதிவில் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு சிறிய உறுப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். இந்தச் சங்கிலி தேய்வதற்கென்றே அமைந்தது. தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை யார் செய்தார், எங்கே வாங்கினார், எந்த அளவுகோலால் சரிபார்த்தார் என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. இறக்குமதிக் கொள்கை, உள்நாட்டு உற்பத்தி, பட்டறை அறிவு ஆகிய மூன்றும் அக்கேள்விகளுக்குள் அடங்குகின்றன.

1. சங்கிலி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது

மோட்டார் சைக்கிளில் சங்கிலி என்றால் பின்சக்கரத்தை ஓட்டும் வெளிச் சங்கிலியே பலருக்கும் நினைவுக்கு வரும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அதற்கு முன்பாக இன்னொரு சங்கிலி உண்டு. எஞ்சினின் கிராங்க் தண்டிலுள்ள சிறிய பல்சக்கரத்திலிருந்து, அதைப்போல் இருமடங்குக்கும் மேல் பெரிதான கிளட்ச் பல்சக்கரத்துக்கு ஆற்றலைக் கொண்டுசெல்வது அது. அதனால்தான் அதற்குப் பிரைமரி செயின் என்று பெயர். புல்லட்டில் இது இரட்டை வரிசைச் சங்கிலி. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.525 மி.மீ. இணைப்புக் கண்ணி இல்லாமல், முழு வளையமாகவே பூட்டப்படுவது. எண்ணெய் ஊற்றிய மூடிய பெட்டிக்குள் ஓடுவதால் சாலைப் புழுதியும் மழையும் இதை நேரடியாகத் தொடுவதில்லை.

புல்லட்டின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. அக்காலத்து பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் வண்டிகள் பலவற்றில் எஞ்சினும் கியர் பெட்டியும் தனித்தனியே சட்டகத்தில் பொருத்தப்பட்டிருந்தன. சங்கிலி தளர்ந்தால் கியர் பெட்டியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி இறுக்கலாம். புல்லட்டில் ஆல்பியன் கியர் பெட்டி எஞ்சினின் பின்புறத்தோடு நேரே போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் மாறாது. எனவே சங்கிலியின் கீழ்ப்பகுதியை அடியிலிருந்து அழுத்தும் வளைந்த டென்ஷனர் ஒன்று வைக்கப்பட்டது. திருகைத் திருப்பினால் டென்ஷனர் மேலெழும், தளர்வு குறையும். இதனால் பின்சங்கிலியின் இறுக்கம் கெடாமல் முன்சங்கிலியைச் சரிசெய்ய முடிந்தது. ஆனால் டென்ஷனர் எட்டும் எல்லை வரைதான் இந்த வசதி. அதற்கு மேல் தேய்ந்தால் சங்கிலியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது தனித்தன்மை அதிர்வு தாங்குவதைப் பற்றியது. ஒற்றை சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறைதான் வெடிப்பு. வெடிப்பின்போது சங்கிலி இழுபடும், மற்ற வீச்சுகளில் தளரும். பிற பிரிட்டிஷ் நிறுவனங்கள் பல, இந்த உதறலை வாங்கிக்கொள்ள எஞ்சின் தண்டிலேயே சுருள்வில் ஒன்றை வைத்தன. என்ஃபீல்டு நிறுவனம் பின்சக்கரக் குடத்தில் ரப்பர் கட்டைகளை வைத்தது. பின்சக்கரத்துக்கு அது நன்மை. ஆனால் உதறலின் முதல் அடி பிரைமரி செயினின் மேலேயே விழும்.

2. சங்கிலி ‘நீள்வது’ என்றால் என்ன

பட்டறை மொழியில் சங்கிலி நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் எஃகுத் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் சுழலும் ரோலர் ஆகியவை உள்ளன. பல்சக்கரத்தின்மீது ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டு மடங்கி நிமிர்கிறது. அப்போது பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒரு மூட்டில் ஏற்படும் தேய்வு கண்ணுக்குத் தெரியாது. எல்லா மூட்டுகளின் தேய்வும் சேரும்போது சங்கிலி நீண்டதாகத் தோன்றுகிறது.

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் உலகில் இதற்கு எளிய விதியொன்று இருந்தது: ஓர் அடிக்குக் கால் அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்று. புல்லட்டின் சங்கிலியில் 32 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். தேய்ந்த சங்கிலியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மேசையில் நேராக இழுத்து அளந்தால் அதே 32 கண்ணிகள் பன்னிரண்டே கால் அங்குலம் காட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. சதவீதத்தில் இது ஏறத்தாழ 2. ஒரு மூட்டுக்குக் கணக்கிட்டால் 0.2 மி.மீ. மட்டுமே. சங்கிலி உற்பத்தியாளர்களும் பொதுவாக 2 சதவீதத்தையே மேல் எல்லையாகக் குறிப்பிடுகிறார்கள். பட்டறையின் அங்குல விதியும் பொறியியல் கையேட்டின் சதவீதமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது? கண்ணிகளின் இடைவெளி கூடிவிட்டதால் ரோலர்கள் பல்லின் அடியில் அமராமல் மேலே ஏறி அமர்கின்றன. பற்கள் அதிகமுள்ள பெரிய சக்கரத்தில் இந்தப் பொருந்தாமை கூடிக்கொண்டே போகும். பற்கள் கொக்கி வடிவில் தேயும். தளர்ந்த சங்கிலி பெட்டியின் உட்சுவரில் அடித்துத் தடம் பதிக்கும். மாறாக, அச்சத்தால் டென்ஷனரை அளவுக்கு மீறி இறுக்கினால் கிராங்க் தண்டின் பேரிங்கும் கியர் பெட்டியின் பேரிங்கும் பழுதாகும். ஆகவே மேற்பகுதியில் கால் அங்குலம் ஏறி இறங்கும் அளவுக்குத் தளர்வு விடவேண்டும் என்பது நடைமுறை. சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயாது. எஞ்சினை மெல்லச் சுற்றிச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அந்தக் கால் அங்குலத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தில் உள்ள அறிவு, விரல் நுனியால் மட்டுமே கற்றுக்கொள்ளக்கூடியது.

இயங்குதிசையும் கவனிக்கத்தக்கது. எஞ்சின் இழுக்கும்போது சங்கிலியின் மேற்பகுதி இறுகும், கீழ்ப்பகுதி தளரும். டென்ஷனர் கீழே இருப்பதற்குக் காரணம் அதுவே. ஆனால் கிக் உதைக்கும்போது ஆற்றல் கியர் பெட்டியிலிருந்து கிளட்ச் வழியாக எஞ்சினுக்குத் திரும்பிச் செல்கிறது. இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும்போதும் அவ்வாறே. அப்போதெல்லாம் கீழ்ப்பகுதி இறுகி டென்ஷனரின் முதுகை அழுத்துகிறது. பொன்முடி மலையிறக்கத்தில் கியரில் இறங்கும் வண்டியின் டென்ஷனரும், சமவெளியில் சீராக ஓடும் வண்டியின் டென்ஷனரும் ஒரே விதமாகத் தேய்வதில்லை. நிலவியல் இயந்திரத்தின் உள்ளே பதிவாகும் விதம் இது.

3. மான்செஸ்டரிலிருந்து திருவொற்றியூர் வரை

இந்தச் சங்கிலியின் மூல வடிவம் நெசவாலைகளின் உலகத்தில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் 1852இல் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு 1873இல் மான்செஸ்டருக்கு வந்தார். 1879இல் சால்ஃபோர்டில் நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துவந்த சிறு தொழிற்கூடம் ஒன்றை வாங்கினார். 1880இல் புஷ் பொருத்திய ரோலர் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய சங்கிலிகளில் பின்னின்மீது விழுந்த சுமை தகட்டின் மெல்லிய விளிம்பில் மட்டும் தங்கியது. புஷ் வந்தபின் அது முழு அகலத்துக்கும் பரவியது. தேய்வு பெரிதும் குறைந்தது. தேய்வைக் குறைக்கும் முயற்சியே இந்தக் கண்டுபிடிப்பின் சாரம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மிதிவண்டியும் பிறகு மோட்டார் சைக்கிளும் அந்தச் சங்கிலியை ஏற்றுக்கொண்டன.

ரெடிச் நகரின் என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் தோன்றியது. நாம் இன்று அறிந்த, பின்சக்கரத்துக்கு ஊஞ்சல் அச்சு கொண்ட 350 சி.சி. வடிவம் 1940களின் இறுதியில் வெளிவந்தது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இறக்குமதி செய்து விற்றது. 1950களின் தொடக்கத்தில் இந்தியத் தரைப்படை அதை வாங்கத் தொடங்கியது. 1955இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. 1956இல் திருவொற்றியூர் ஆலை இயங்கத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்த வண்டிகள் இங்கே பூட்டப்பட்டன. அவ்வாண்டு இறுதிக்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. 1957இல் உற்பத்திக் கருவிகள் சென்னைக்கு வந்தன. 1962க்குள் உறுப்புகள் அனைத்தும் உள்நாட்டில் ஆகின.

இந்தக் கால அட்டவணையைத் தனித்துப் படிக்கக் கூடாது. 1953இல் கட்டண ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாமல் வண்டிகளைப் பூட்டி மட்டும் விற்ற அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. 1957-58இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. இறக்குமதி உரிமம் பெறுவது மேலும் கடினமாயிற்று. இத்தகைய சூழலில் சங்கிலிபோல் தேய்ந்து தேய்ந்து மாற்றவேண்டிய உறுப்பு பெரும் சிக்கல். சட்டகத்தை ஒருமுறை இறக்குமதி செய்தால் போதும். சங்கிலியை வண்டியின் ஆயுள் முழுவதும் இறக்குமதி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வண்டி உள்நாட்டு வண்டி ஆவது அதன் தேயும் உறுப்புகள் உள்நாட்டில் கிடைக்கும் நாளில்தான் என்பது என் கருத்து.

4. தமிழ்நாட்டின் சங்கிலித் தொழில்

அந்த நாள் எப்படி வந்தது என்பதற்குத் தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் விடை இருக்கிறது. முருகப்பா குடும்பம் 1949இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிலைத் தொடங்கியது. 1960இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலிருந்த டயமண்டு செயின் கம்பெனியின் கூட்டுறவோடு டி.ஐ. டயமண்டு செயின் உருவானது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தின் சங்கிலிகளைச் செய்துகொடுத்தது அந்த டயமண்டு நிறுவனமே. கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் 1937இல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிப் பிறகு சங்கிலி உற்பத்திக்கு வந்தது. அதன் ரோலான் பெயர் இன்று இந்தியா முழுவதும் இருசக்கர வண்டி உதிரிபாகக் கடைகளில் அறிமுகமானது.

இவ்விரண்டு நிறுவனங்களின் பின்னணி கருதத்தக்கது. ஒன்று மிதிவண்டியிலிருந்து வந்தது, மற்றொன்று பேருந்து, லாரிகளை ஓடவைக்கும் தேவையிலிருந்து வந்தது. பயன்பாட்டிலிருந்தும் பராமரிப்பிலிருந்தும் உற்பத்தி பிறந்திருக்கிறது. தொழில்மயமாதல் எப்போதும் பெரிய ஆலையிலிருந்து சிறிய பட்டறைக்கு இறங்கிவரும் என்ற எளிய வரைபடத்துக்கு இது பொருந்தவில்லை.

அளவைகளின் வரலாறும் இதனோடு பிணைந்தது. எடை அளவைகள் தரநிலைச் சட்டம் 1956இல் நிறைவேறி, அடுத்த சில ஆண்டுகளில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. புல்லட்டின் உள்ளே மட்டும் அங்குலம் நீடித்தது. பிரிட்டிஷ் திருகுமறைகளுக்கான ஸ்பேனர்கள் பட்டறைகளில் தனி வரிசையாகவே தொங்கின. சங்கிலியிலோ அங்குலம் இன்றும் உலகெங்கும் நிலைத்திருக்கிறது. இன்றைய பன்னாட்டுத் தரநிலை 9.525 மி.மீ. என்று எழுதினாலும் அது எட்டில் மூன்று அங்குலத்தின் மறுபெயர்தான். ஓர் அரசு அளவைகளை மாற்ற முடியும். உலகெங்கும் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்ட பல்சக்கரங்களின் பற்களை மாற்ற முடியாது.

ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றது. 1977இல் திருவொற்றியூரிலிருந்து புல்லட்டுகள் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கின. அதோடு, அங்கே பழைய ரெடிச் வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கும் சென்னையே உதிரிபாகங்களின் ஊற்றாயிற்று. ‘பழைய பிரிட்டிஷ் வண்டி’ என்ற சொற்றொடரை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய காரணம் இதுவே. வடிவமைப்பின் பிறப்பிடம் ரெடிச். அந்த வடிவமைப்பு இறக்காமல் காக்கப்பட்ட இடம் சென்னை.

5. கரமனைச் சாலை

நான் வாழும் கரமனை, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பழைய நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கும் இடம். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் தெருக்கள் இங்கே உண்டு. ஆற்றைத் தாண்டினால் பாப்பனங்கோடு, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, பிறகு களியக்காவிளை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அன்றுவரை ஒரே ஆட்சியின் உட்சாலையாக இருந்தது, இரு மாநிலங்களை இணைக்கும் சாலையானது. திருவொற்றியூர் ஆலை திறந்ததும் அதே ஆண்டு. தற்செயல் ஒற்றுமைதான், ஆயினும் அதன் விளைவை ஆராயலாம். இங்கே கே.எல்.டி. எண் தாங்கி ஓடிய புல்லட்டுகளின் உறுப்புகள் மாநில எல்லையைக் கடந்து வரவேண்டியவை ஆயின.

திருவிதாங்கூருக்கு இயந்திரப் பராமரிப்பில் தனி மரபு உண்டு. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துச் சேவையைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் அதன் கண்காணிப்பாளராக அழைக்கப்பட்டார். சேஸிகளை மட்டும் இறக்குமதி செய்து, உடற்பகுதியை இங்கேயே தொழிலாளர்கள் கட்டினார்கள். அச்சேவையின் வழித்தோன்றலான கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனை கரமனையை அடுத்த பாப்பனங்கோட்டில் இருக்கிறது. இந்த நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளின் திறமையை ஆராய விரும்பும் மாணவர், அரசுப் பணிமனைக்கும் தனியார் பட்டறைக்கும் இடையில் ஆட்களும் சொற்களும் கருவிகளும் எவ்வாறு நகர்ந்தன என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

சொற்களைப் பொறுத்தவரை இந்தச் சாலை ஒரே மொழிப்பரப்பு. ‘லூஸ்’, ‘டைட்’, ‘பிளே’, ‘புல்லர்’ ஆகியவை களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றே. பட்டறைச் சொல்லகராதி ஒன்றைத் தொகுக்க முற்படுவோர் அதைத் தமிழுக்கென்றோ மலையாளத்துக்கென்றோ தனித்துத் தொகுப்பது பொருந்தாது.

மாற்றும் வேலையின் ஒழுங்கைப் பார்ப்போம். முதலில் எண்ணெயை வடிக்க வேண்டும். இடப்புறக் கால்மிதியையும் தடையாக இருக்கும் பிற உறுப்புகளையும் அகற்ற வேண்டும். செயின்கேஸின் வெளிமூடி நடுவிலுள்ள ஒரே நட்டால் பிடிக்கப்பட்டது. பல திருகுகளைக் கழற்றும் வேலையை இது மிச்சப்படுத்தியது. ஆனால் ஒரே நட்டின் அழுத்தத்தை நம்பிய மூடியின் விளிம்பு சற்று வளைந்தாலும் எண்ணெய் கசியும். எண்ணெய் வற்றிய பெட்டியில் சங்கிலி விரைவாகத் தேயும். எளிதாகத் திறப்பதற்காகச் செய்த ஏற்பாடே அடிக்கடி திறக்கவேண்டிய காரணமும் ஆயிற்று. மூடியைக் கழற்றியபின், கிராங்க் தண்டின் நுனியில் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் அதை எடுக்க வேண்டும். டென்ஷனரைத் தளர்த்தி, கிளட்ச் சுருள்வில்களையும் தகடுகளையும் வரிசை மாறாமல் அடுக்கி வைக்க வேண்டும். சங்கிலிக்கு இணைப்புக் கண்ணி இல்லாததால் இரு பல்சக்கரங்களையும் சங்கிலியோடு ஒரே நேரத்தில் வெளியே இழுக்க வேண்டும். எஞ்சின் பல்சக்கரம் புல்லர் இல்லாமல் வராது. சுத்தியலால் அடித்து எடுக்க முயன்றால் கிராங்க் தண்டு பாழாகும். பற்கள் கொக்கியாகத் தேய்ந்திருந்தால் சக்கரங்களையும் மாற்ற வேண்டும். தேய்ந்த பற்களில் பூட்டிய புதுச் சங்கிலி நெடுநாள் நீடிக்காது. பூட்டும்போது இரு சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டரை மீண்டும் பொருத்தும்போது சுழலும் பகுதி நிலையான பகுதியை எங்கும் உரசாதபடி இடைவெளி விடவேண்டும்.

இவ்வளவும் செய்யும் திறன் ஒரு பட்டறைக்கு எப்படி வந்தது? உரிமையாளர் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழோ மலையாளமோ மட்டும் அறிந்த கைகள் அதைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் கற்றன. மெதுவாக ஓடும் எஞ்சினின் இடப்புறத்திலிருந்து எழும் சலசலப்பு பளு ஏறும்போது அடங்கினால், முதலில் ஐயப்படவேண்டியது சங்கிலியின் தளர்வை. அத்தகைய அறிவு வேலையோடு வேலையாகவே கைமாறியது.

6. ‘அசல்’ என்ற சொல்லின் சிக்கல்

இது இன்று ஏன் பேசப்பட வேண்டும்? 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவில் பேணப்பட்ட, பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அவ்வகையில் பதிவுபெறலாம். சட்டகம், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றில் செய்யப்படும் மாற்றங்கள் பெரிய மாற்றங்களாகக் கருதப்படும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு அவ்வண்டிகளைப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்காக ஓட்டலாம். 1970களின் முற்பகுதியில் திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டுகள் இந்த வயதைக் கடந்துவிட்டன.

விதியின் நோக்கம் பாதுகாப்பதே. ஆயினும் அது முன்வைக்கும் ‘மூல வடிவம்’ என்ற கருத்தை வரலாற்று மாணவர் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். அரை நூற்றாண்டு உண்மையிலேயே ஓடிய ஒரு புல்லட்டில் முதல் நாள் பூட்டிய சங்கிலி இருக்க முடியாது. பல்சக்கரமும் கிளட்ச் தகடுகளும் டென்ஷனரும் பலமுறை மாறியிருக்கும். எதையும் மாற்றாத வண்டி என்றால் அது ஓடாத வண்டி. கோயில் தேரை எண்ணிப் பார்க்கலாம். வடம் மாறும், சக்கரம் மாறும், மரச்சட்டங்கள் மாறும். ஆனாலும் ஊரார் அதை அதே தேர் என்கிறார்கள். அது அதே தேராக இருப்பதற்குக் காரணம் மரம் மாறாதது அன்று. மாற்றும் முறையை அறிந்த தச்சர்கள் தொடர்ந்து இருந்தது. பதிவுக்கான விண்ணப்பத்தோடு காப்பீடும் முந்தைய பதிவுச் சான்றும் இறக்குமதி வண்டியானால் சுங்கச் சான்றும் கேட்கப்படுகின்றன. அந்த வண்டியைக் காத்த கைகளின் பதிவுக்கு அங்கே இடமில்லை.

மறுபுறம், அந்தக் கைகள் குறைந்துவருகின்றன. 2010ஐ ஒட்டிய காலத்தில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் உற்பத்தி நின்றது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பில் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. 2020இல் மீட்டியார் 350இலிருந்து தொடங்கிய புதிய எஞ்சின் குடும்பத்தில் பிரைமரி செயினே கைவிடப்பட்டு, அதன் இடத்தில் பல்சக்கர இணைப்பு வந்தது. பொறியியல் நோக்கில் அது முன்னேற்றமே. இளம் மெக்கானிக் ஒருவர் கால் அங்குலத் தளர்வை விரலால் உணரக் கற்கவேண்டிய தேவை இனி இல்லை. கற்றவர்கள் ஓய்வுபெறும்போது, பழைய வண்டிகள் கண்காட்சிப் பொருள்களாக மட்டும் எஞ்சும். வண்டியைக் காப்பாற்றி அதன் பராமரிப்பு அறிவை இழப்பது அரைகுறைப் பாதுகாப்பு.

7. மாணவர்களுக்கு

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புவோர்க்கு நான்கு வகைச் சான்றுகளைச் சுட்டுவேன். முதலாவது, நிறுவனங்கள் அச்சிட்ட உதிரிபாகப் பட்டியல்கள். ஓர் உறுப்பின் எண் எந்த ஆண்டில் மாறியது என்பதிலிருந்து இறக்குமதிக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் இடையிலான எல்லையைக் கண்டறியலாம். இரண்டாவது, பட்டறைகளின் கணக்கேடுகள். வண்டி எண், தேதி, மாற்றிய உறுப்பு, கூலி ஆகிய நான்கே தகவல்கள் இருந்தாலும் போதும். ஒரே வண்டி மீண்டும் மீண்டும் வரும் இடைவெளிகளைக் கொண்டு ஒரு சங்கிலியின் உண்மையான ஆயுளைக் கணக்கிட முடியும். மூன்றாவது, வாய்மொழி வரலாறு. கேள்விகளை வேலை நடக்கும்போதே கேட்க வேண்டும். கை செய்வதை வாய் பின்னர் முழுமையாகச் சொல்லாது. நான்காவது, தேய்ந்த சங்கிலியே. 32 கண்ணிகளை அளந்து எழுதினால் அதுவும் ஓர் ஆவணம். தேய்வின் சீரின்மை, பற்களின் வடிவம், பெட்டியின் உட்சுவரில் பதிந்த தடம் ஆகியவை அந்த வண்டி எவ்வாறு பயன்பட்டது என்பதைக் கூறும்.

இவற்றுள் முதலாவதும் நான்காவதும் சேகரிப்பாளர்களிடம் ஓரளவு கிடைக்கும். அழிவின் விளிம்பில் இருப்பவை இரண்டாவதும் மூன்றாவதும். பட்டறை மூடும் நாளில் கணக்கேடுகள் பழைய தாள் கடைக்குப் போகின்றன. களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள கல்லூரிகளில் வரலாறும் பொருளியலும் பயிலும் மாணவர்கள் தங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றின் கணக்கேட்டைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்தால், முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு அதுவே போதிய தொடக்கம். உரிமையாளரின் இசைவைப் பெறுங்கள். வாடிக்கையாளர்களின் பெயர்களை மறையுங்கள். தேதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏடுகள் கிடைப்பவர்கள் என்னோடு தொடர்புகொண்டால், அளவிடும் முறையையும் அட்டவணை வடிவத்தையும் பகிர்ந்துகொள்ள அணியமாயிருக்கிறேன்.